தெருக்காரர்கள் சேர்ந்து பட்டாம்பூச்சி வளர்க்க: செடி நடுவது முதல் பறக்கவிடுவது வரை

முதல் ஆண்டில் நாங்கள் வளர்த்த புழுக்களில் முப்பத்தொன்று ஒரே இரவில் செத்துப்போயின. நோய் இல்லை, எறும்பு இல்லை. தொட்டிச் செடியில் இலை தீர்ந்துவிட்டதே என்று சந்தையில் பத்து ரூபாய்க்கு வாங்கி வந்த கறிவேப்பிலைக் கொத்துதான் காரணம். மூன்று தடவை கழுவித்தான் போட்டோம். காலையில் பார்த்தால் எல்லாம் கறுத்துச் சுருண்டு கூண்டின் அடியில் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பாப்பா அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை.

கோவையின் ஓரத்தில் நாற்பது வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. இரண்டு ஆண்டுகள் தட்டுத்தடுமாறி மூன்றாம் ஆண்டில்தான் இந்த வேலை ஓரளவு கைவந்தது. உங்கள் தெருவிலோ பள்ளியிலோ தொடங்கும் எண்ணம் இருந்தால், நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐம்பது பட்டாம்பூச்சியைப் பறக்கவிட்டதால் ஊரில் பட்டாம்பூச்சி பெருகிவிடாது. ஒரு பெண் பூச்சியே நூறு முட்டை வரை இடக்கூடியது. அதற்கு நம் கூண்டு தேவையே இல்லை. அதற்குக் கிடைக்காமல் போவது மருந்தடிக்காத இலை. அப்புறம் கூண்டு எதற்கு என்றால், அது தெருக்காரர்களுக்காக. ஒரு புழுவை வளர்த்துப் பறக்கவிட்டவர், அடுத்த மாதம் தன் எலுமிச்சையில் புழுவைப் பார்த்தால் மருந்து டப்பாவைத் தேடமாட்டார். எங்கள் தெருவில் ஐந்து வீடுகள் மருந்தடிப்பதை நிறுத்தியது அப்படித்தான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கீழே நான் ஏன் ‘குறைவாக வளருங்கள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்பது புரியும்.

1. தெருவில் இருக்கும் செடியைப் பார்த்துப் பூச்சியைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு பட்டாம்பூச்சியும் தனக்கென்று உள்ள சில செடிகளில்தான் முட்டையிடும். அதன் புழுவுக்கு வேறு இலையைக் கொடுத்தால் பட்டினி கிடந்து சாகுமே தவிரத் தின்னாது. ஆகவே ‘எது அழகு’ என்று படம் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு மாலை நோட்டும் பேனாவுமாகத் தெருவில் நடந்து என்னென்ன செடி இருக்கிறது என்று எழுதுங்கள்.

தொடக்கத்துக்கு நான் சொல்வது மூன்று: எலுமிச்சை, நாரத்தை, வில்வத்தில் முட்டையிடும் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலையிலும் எலுமிச்சை வகைகளிலும் வளரும் கறிவேப்பிலை அழகி, எருக்கில் வளரும் வெந்தய வரியன். மூன்றும் நம் சமவெளி ஊர்களில் சாதாரணமாகக் காணக்கூடியவை. தெருவில் அரளி இருந்தால் வெண்புள்ளிக் கறுப்பனையும் சேர்த்துக்கொள்ளலாம். அதன் கூட்டுப்புழு துலக்கிவைத்த வெள்ளிக் கிண்ணம் மாதிரி பளபளக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிடச் சிறந்தது வேறில்லை.

எருக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சங்கக் கூட்டத்தில் எருக்கு நடப்போகிறோம் என்றதும் ஒரு பெரியம்மா எழுந்து, “வாசல்ல எருக்கு முளைக்கணும்னு சாபம் விடுவாங்க, நீங்க காசு போட்டு நடுறீங்களா?” என்றார். இந்த இடத்தில் வாதாடாதீர்கள். நாங்கள் நடுவதை விட்டுவிட்டு, மதிலுக்கு வெளியே கால்வாய் ஓரத்தில் தானாக முளைத்திருந்த ஏழு எருக்குகளை வெட்டாமல் விடும்படி மட்டும் கேட்டோம். யாரும் மறுக்கவில்லை. இன்னொரு சிக்கல் விநாயகர் சதுர்த்தி. எருக்கம்பூ மாலைக்காக ஊரே கிளையோடு ஒடித்துக்கொண்டு போகும். முதல் ஆண்டு எங்கள் முட்டைகள், புழுக்கள் எல்லாம் பிள்ளையாருக்கே போய்விட்டன. இப்போது சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்பே ‘பூவை மட்டும் பறியுங்கள்’ என்று அட்டை எழுதிக் கட்டிவிடுகிறோம்.

எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும். வலி பெரிதாகத் தெரியாமல் பார்வை மட்டும் மங்கக்கூடும் என்பதால் அலட்சியமாக இருந்துவிடுவோம். இலை பறிப்பது பெரியவர்கள் வேலை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியபடியே மருத்துவரிடம் போய்விடுங்கள். அரளியும் முழுக்க விஷம்தான்.

‘நம் மாநிலப் பட்டாம்பூச்சியை வளர்க்கலாமே’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். 2019இல் தமிழ்நாடு அரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. தெருவுக்குக் கொண்டுவரும் பூச்சி இல்லை அது. அங்கேயே இருக்கட்டும்.

2. அனுமதியும் தாள்களும்

இந்த வேலையில் எனக்கு அதிக நாள் பிடித்தது இதில்தான். யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் ஒரு மாதம் போனது. உண்மையில் தேவைப்படுவது கொஞ்சம்தான்.

முதலில் சட்டம். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், தன் அட்டவணையில் (பாதுகாக்கப்படும் உயிரினங்களின் பட்டியலில்) உள்ள விலங்குகளைப் பிடிப்பதையும் வேட்டையாகவே கணக்கிடுகிறது. விலங்கு என்றால் அதன் முட்டையும் குட்டியும் சேர்த்துத்தான். 2022 திருத்தத்தில் அட்டவணைகள் மாற்றி எழுதப்பட்டன. எனவே பழைய புத்தகத்திலோ வாட்ஸாப்பிலோ வரும் பட்டியலை நம்பாமல், திருத்தத்துக்குப் பிந்தைய அட்டவணையை எடுத்து, நீங்கள் வளர்க்கப்போகும் பூச்சியின் அறிவியல் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன எலுமிச்சை அழகியின் பெயர் பாப்பிலியோ டெமோலியஸ், வெந்தய வரியன் டானாஸ் கிரிசிப்பஸ். தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் ஆளுக்கு ஆள் மாறும். அறிவியல் பெயரை வைத்துத் தேடுவதுதான் பாதுகாப்பு.

இதில் ஒரு பொறி உண்டு. வெந்தய வரியனை அச்சு அசலாகப் போலச் செய்யும் வேறொரு பூச்சியின் பெண் இருக்கிறது. அந்த இனம் பல்லாண்டுகள் முதல் அட்டவணையில் இருந்தது. ஆனால் அதன் புழு எருக்கைத் தொடாது, பருப்புக்கீரையைத் தின்னும். எருக்கில் கிடைத்த முட்டையை மட்டும் எடுத்தால் இந்தக் குழப்பமே வராது. அதேபோல் ஆடுதின்னாப்பாளையிலும் ஈசுவரமூலியிலும் வளரும் சிவப்புடல் அழகியும் முதல் அட்டவணையில் இருந்த பூச்சி. அதைக் கூண்டுக்குள் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். கொடியை நட்டுவைத்தால் அதுவே வந்து முட்டையிட்டு அதுவே வளர்ந்து போகும்.

காப்புக்காட்டிலிருந்து எதையும், ஓர் இலையைக்கூட, எடுத்துவராதீர்கள். விற்பது, வாங்குவது, கூரியரில் வரவழைப்பது இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அடுத்து, கையில் இருக்க வேண்டிய தாள்கள்.

குடியிருப்போர் சங்கத்தின் தீர்மான நகல். எந்த இடத்தில் என்ன செடி, தண்ணீர் யார் பொறுப்பு, அந்த இடத்தில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது — இந்த மூன்றும் தீர்மானத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். எங்கள் முதல் தீர்மானத்தில் ‘தோட்டம் அமைக்க அனுமதி’ என்று மட்டும் இருந்தது. தோட்டக்காரர் வழக்கம்போல் மாதக் கடைசியில் மருந்தடித்துவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இடம் மாநகராட்சிப் பூங்கா என்றால் மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாக ‘சரி, பண்ணுங்க’ என்பதை நம்பி நடாதீர்கள். அதிகாரி மாறினால் அடுத்த மாதமே புல்வெட்டும் இயந்திரம் வரும். மனுவுடன் இடத்தின் கைவரைபடம் ஒன்றும் நான்கு புகைப்படங்களும் வைத்தால் திருப்பி அனுப்பமாட்டார்கள். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தைக் கணக்கில் வைத்து வைகாசியிலேயே மனு கொடுங்கள்.

மாவட்ட வன அலுவலருக்கு ஒரு தகவல் கடிதம். எந்த இனம், எத்தனை, எந்தத் தெருவிலிருந்து எடுத்து எந்தத் தெருவில் விடுகிறோம் என்று ஒரு பக்கம் எழுதி விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். யாராவது படம் எடுத்துப் போட்டுப் ‘பட்டாம்பூச்சியைப் பிடித்து அடைக்கிறார்கள்’ என்று கிளப்பினால் அந்த ரசீதுதான் பேசும். எங்களுக்கு ஒரு தடவை பேசியது.

பள்ளியில் செய்வதாக இருந்தால் தலைமையாசிரியர் ஒப்புதலோடு பெற்றோர் ஒப்புதல் படிவமும் வாங்குங்கள். எருக்கம்பால், அரளி பற்றி அதில் ஒரு வரி இருக்கட்டும்.

3. ஆடியில் நடுங்கள், புரட்டாசியில் வளருங்கள்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். ஆடியில் நட்டால் ஆவணி முழுக்கத் துளிர் விடும். புரட்டாசி, ஐப்பசியில் முட்டை தாராளமாகக் கிடைக்கும். பெண் பூச்சி தேடுவது இளந்துளிரைத்தான் என்பதால், ஒரே உயரத்தில் வளர்ந்து நிற்கும் பழைய செடியைவிட அவ்வப்போது நுனி கிள்ளிவிட்ட செடி மேல்.

நர்சரியிலிருந்து வாங்கிய செடியில் உடனே புழு விடாதீர்கள். விற்பனைக்கு வைத்திருக்கும் செடிகளுக்கு வேர்வழியாக ஏறி இலை முழுக்கப் பரவும் மருந்தைக் கொடுத்திருப்பார்கள். இமிடாகுளோபிரிட் போன்றவை அப்படித்தான் வேலை செய்யும். கழுவினால் போகாது. எங்கள் சந்தைக் கறிவேப்பிலைக் கதையிலும் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் வழக்கம்: வாங்கியதும் இலைகளைக் கழித்துவிட்டு, குறைந்தது எட்டு வாரம் காத்திருந்து, புதிதாக வந்த துளிரில் முதலில் ஒரே ஒரு புழுவை விட்டு மூன்று நாள் பார்ப்பது. வீட்டுக் கிணற்றடியில் விழுந்து முளைத்த கறிவேப்பிலைக் கன்று கிடைத்தால் இந்தப் பாடே இல்லை. தெருவில் கேட்டுப்பாருங்கள், யாராவது கட்டாயம் வைத்திருப்பார்கள்.

பத்து புழுவுக்கு எத்தனை செடி? இடுப்பளவு உயரமுள்ள எலுமிச்சையோ கறிவேப்பிலையோ குறைந்தது ஐந்து வேண்டும். சின்னப் புழு தின்பது கண்ணுக்கே தெரியாது. கடைசிச் சில நாட்களில்தான் பந்தியில் உட்கார்ந்தது மாதிரி தின்னும்; தொட்டிச் செடி இரண்டே நாளில் குச்சியாகிவிடும். இலை தீர்வது அந்த நேரத்தில்தான், நாம் சந்தைக்கு ஓடுவதும் அந்த நேரத்தில்தான்.

வளர்ந்த பூச்சிக்குத் தேன் வேண்டும்: இட்லிப்பூ, வாடாமல்லி, வெட்டுக்காயப் பூண்டு. கடைசிச் செடியை நட வேண்டாம், பிடுங்காமல் இருந்தாலே போதும். உண்ணிச்செடியில் பூச்சி மொய்க்கும்தான். ஆனால் காட்டை அடைத்துக்கொண்டிருக்கும் அந்தச் செடியை நாமும் நட்டுப் பரப்ப வேண்டியதில்லை. ஓர் ஓரத்தில் கிலுகிலுப்பை போடுங்கள். மலைக்கும் சமவெளிக்கும் இடையே கூட்டமாக வலசை போகும் நீலவரியன்களும் கருநீல வரியன்களும் இறங்கி அதன் சாற்றை உறிஞ்சும். போன ஐப்பசியில் ஒரு காலை எங்கள் கிலுகிலுப்பைக் கிளை தெரியாத அளவுக்கு உட்கார்ந்திருந்தன. நாங்கள் கூண்டில் வளர்த்த பதினெட்டையும் அன்றைக்கு யாரும் சட்டை செய்யவில்லை!

இவற்றையெல்லாம் நேரில் பார்த்துப் பழக வேண்டும் என்றால் ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015 முதல் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் குழுவாக ஒரு நாள் போய்வாருங்கள். பூச்சியைப் பார்ப்பதோடு எந்தச் செடியை எங்கே நட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

4. செலவு

எங்கள் மூன்றாம் ஆண்டுக் கணக்கு இது. செடிக் கன்றுகள் 12க்கு 720 ரூபாய், வளர்ப்புப் பைகள் 420, செம்மண்ணும் மட்கு உரமும் 600, கொசுவலைத் துணி ஆறு மீட்டர் 420, மூங்கில் சட்டமும் தையற்கூலியும் 500, டப்பா, தூரிகை, பஞ்சு வகையறா 190, அறிவிப்புப் பலகை 450. மொத்தம் 3,300. வீட்டுக்கு நூறு ரூபாய் என்று கேட்டால் கூடுதலாகவே சேரும்.

வீண் செலவையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு 1,800 ரூபாய் கொடுத்து ஆயத்தக் கூண்டு ஒன்றை இணையத்தில் வாங்கினோம். வலைக் கண் பெரிது. சின்னக் குளவிகள் சாவகாசமாக உள்ளே போய்வந்தன. துணி வாங்கித் தைத்ததுதான் இன்றும் நிற்கிறது.

5. கூண்டும் அதை வைக்கும் இடமும்

இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், மூன்றடி உயரம். சுற்றிலும் மேலேயும் வெள்ளைக் கொசுவலை. ஒரு பக்கம் முழுக்கத் திறக்கும்படி ஜிப் வையுங்கள். கை நுழையும் அளவு ஓட்டை மட்டும் வைத்தால் சுத்தம் செய்ய முடியாமல் திண்டாடுவீர்கள். அடியில் செய்தித்தாள்.

கூரை உள்ள திண்ணை, நடைபாதை, மாடிப்படியின் கீழ்ப்பகுதி நல்ல இடங்கள். காலை வெளிச்சமும் காற்றும் வர வேண்டும், மதிய வெயில் நேராக விழக் கூடாது. குளிர்சாதன அறைக்குள் வைத்து வளர்க்காதீர்கள். அமெரிக்காவில் மோனார்க் என்ற வலசைப் பட்டாம்பூச்சியை வீட்டுக்குள் வளர்த்துவிடுவது பெரிய பொழுதுபோக்கு. அப்படி வளர்ந்தவை இலையுதிர் காலத்தில் தெற்குத் திசையைப் பிடிக்கத் தடுமாறின என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கண்டார்கள். நம் பூச்சிகளுக்கும் வெளிக்காற்றும் இயல்பான பகலிரவும் இருப்பதே நல்லது.

எறும்புக்குப் பழைய வழிதான்: மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்புச் சாக்பீஸ் கோடு கிழித்துவிடாதீர்கள், அது புழுவையும் கொல்லும். கொசுவர்த்திச் சுருள், மின்செருகியில் மாட்டும் கொசு மருந்து, உடம்பில் பூசும் கொசுக் களிம்பு எதுவும் கூண்டுப் பக்கம் வரக் கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதும் கூண்டை நகர்த்திவிடுவோம். தெருவில் கொசுப்புகை அடிக்கும் வண்டி எந்த நாள் வருகிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று கூண்டை வீட்டுக்குள் எடுத்துக் கதவைச் சாத்தி, மறுநாள்தான் வெளியே வைக்க வேண்டும்.

பல்லி. இதற்கு மருந்தே இல்லை. ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடுவதுதான் ஒரே வழி.

6. முட்டை எடுத்தல்

காலை பத்து மணிக்குமேல் செடிப் பக்கம் நில்லுங்கள். ஒரு பூச்சி பூவில் உட்காராமல் இலை இலையாகத் தொட்டுத் தொட்டுப் பறந்து, வயிற்றை வளைத்தால் அது முட்டையிடுகிறது. எலுமிச்சை அழகியின் முட்டை வெளிர்மஞ்சளாய்க் கேழ்வரகு அளவில் உருண்டையாக இருக்கும். வெந்தய வரியனுடையது வெண்மையாய், சற்று நீண்டு, எருக்கிலையின் அடிப்பக்கத்தில் ஒற்றை ஒற்றையாக இருக்கும்.

முட்டையைச் சுரண்டி எடுக்காதீர்கள். இலையோடு கிள்ளுங்கள். ஒரு செடியில் காண்பதில் பாதியையாவது அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு கூண்டுக்குப் பத்துதான், அதற்குமேல் ஒன்றுகூட வேண்டாம். முப்பத்தொன்றை நாங்கள் ஒரே கூண்டில் அடைத்திருந்ததால்தான் இலை தீர்ந்தது, இலை தீர்ந்ததால்தான் சந்தைக்குப் போனோம்.

மூடியுள்ள சின்ன டப்பாவில் ஈரமில்லாத மெல்லிய தாளை விரித்து இலையை வையுங்கள். மூன்றிலிருந்து ஐந்து நாளில் பொரியும். முட்டை கறுத்தால் பொரியப்போகிறது என்று பொருள். சில நேரம் உள்ளே ஒட்டுண்ணிக் குளவி இருந்தாலும் கறுக்கும். இரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

7. புழுவுக்கு இரண்டு வாரம், உங்களுக்கு ஓய்வில்லை

பொரித்த புழு முதலில் தன் முட்டை ஓட்டையே தின்னும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி இரண்டின் இளம்புழுவும் பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும். சுத்தம் செய்ய வந்த அக்கா ஒருவர் எங்கள் டப்பாவிலிருந்து ஆறு புழுவைத் துடைத்துப் போட்டுவிட்டார். டப்பாமேல் எழுதி ஒட்டுங்கள். வளர்ந்ததும் பச்சையாகிவிடும், சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒன்றை நீட்டி ஒரு நாற்றம் விடும். கடிக்காது, அரிக்காது. கம்பளிப்பூச்சி என்று பயந்து ஓடுபவர்களைக் கூப்பிட்டு, மயிரே இல்லாத இந்த உடம்பைக் காட்டுங்கள். பாதி பயம் அதிலேயே போய்விடும்.

தினமும் செய்ய வேண்டியது: காலையில் புது இலை, பழைய இலையும் எச்சமும் வெளியே, தாள் மாற்றம், கை கழுவல். கால்மணி நேர வேலைதான், ஆனால் ஒரு நாள்கூட விடக் கூடாது. ஈர எச்சம் தேங்கினால் நோய் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை யார் என்பதை முதலிலேயே எழுதி ஒட்டுங்கள். எங்கள் குழு உடைந்துபோகப் பார்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான்.

கொப்பை வாடாமல் வைக்கச் சிறு புட்டியில் தண்ணீர் ஊற்றிச் செருகலாம். புட்டியின் வாயைப் பஞ்சால் இறுக்கி அடையுங்கள். இல்லையென்றால் புழு தண்டு வழியே இறங்கித் தண்ணீருக்குள் போய்ச் செத்துக்கிடக்கும்.

புழுவைக் கையால் எடுக்காதீர்கள். அது உட்கார்ந்திருக்கும் இலையோடு சேர்த்து நகர்த்துங்கள்; முடியாவிட்டால் மெல்லிய ஓவியத் தூரிகை. ஒரு நாள் முழுக்க அசையாமல், தின்னாமல் இருந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். தோல் உரிக்கிறது. நான்கு முறை உரிக்கும், அப்போது தொடவே கூடாது.

நோய் எப்படித் தெரியும்? உடம்பு கறுத்துக் குழைந்து, தலைகீழாகத் தொங்கி நீராய் வடிந்தால் அது தொற்றுநோய். அந்தப் புழுவை உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள், மற்றவற்றைத் தனித்தனி டப்பாவுக்கு மாற்றுங்கள், கூண்டைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். அந்தக் கூட்டத்தில் பிழைத்தவற்றைப் பறக்கவிடாதீர்கள். மனசு கேட்காதுதான். ஆனால் வெளியே இருப்பவற்றுக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கா இத்தனை பாடு?

புழுவின் பக்கத்தில் அரிசி மாதிரிச் சின்னச் சின்னப் பட்டுக்கூடுகள் இருந்தால் அது குளவியின் வேலை. அந்தப் புழு பிழைக்காது. அந்தக் குளவிகளை நான் கொல்வதில்லை. டப்பாவோடு கொண்டுபோய்ச் செடியடியில் வைத்துவிடுவேன். அதுவும் அந்தச் செடியை நம்பிப் பிழைப்பதுதானே. குழுவில் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள், எங்கள் வீட்டிலேயே ஒப்புக்கொள்ளவில்லை.

8. கூட்டுப்புழு

தின்பதை நிறுத்தி, நீர்த்த எச்சம் போட்டு, கூண்டைச் சுற்றிச் சுற்றி அலைந்தால் நேரம் வந்துவிட்டது. இரண்டு மூன்று காய்ந்த குச்சிகளைச் சாய்த்து வையுங்கள். எலுமிச்சை அழகி குச்சியில் இடுப்புக்கு ஒரு பட்டிழை கட்டித் தலை மேலே இருக்கச் சாய்ந்துகொள்ளும். வெந்தய வரியன் கூரை வலையில் தலைகீழாகத் தொங்கும். மறுநாள் கூடாகிவிடும். அந்த ஒரு நாள் கூண்டை அசைக்கவே கூடாது.

கூடு பச்சையாகவும் இருக்கலாம், பழுப்பாகவும் இருக்கலாம். பழுப்பு என்றால் செத்தது என்று நினைக்க வேண்டாம். கீழே விழுந்துவிட்டால் அடிநுனியில் உள்ள பட்டு நூலைக் குத்தூசியால் கூரை வலையில் மாட்டுங்கள், கூட்டைக் குத்திவிடாமல். மாட்ட முடியாவிட்டால் சொரசொரப்பான துணிமேல், வலைச்சுவரை ஒட்டிப் படுக்கவையுங்கள். வெளிவந்ததும் ஏறித் தொங்கிக்கொள்ளும்.

எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். குளிர்ந்த வாரம் என்றால் கூடுதலாகலாம். மூன்று வாரம் பொறுங்கள்.

9. பறக்கவிடும் நாள்

கூடு கறுத்து, தோல் வழியே இறக்கையின் நிறம் தெரிந்தால் மறுநாள் காலையில் பெரும்பாலும் வந்துவிடும். வெளியே வந்ததும் இறக்கை நனைந்த துணி மாதிரி சுருங்கியிருக்கும். தொங்கிக்கொண்டுதான் அதை விரிக்கும். தொங்க இடமில்லாவிட்டால் கோணலாகவே காய்ந்துவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. கொஞ்சம் பழுப்புச் சிவப்பாய் நீர் சொட்டும். பிள்ளைகள் ரத்தம் என்று அலறுவார்கள். ரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்திருந்த கழிவு.

மூன்று நான்கு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. அதன்பின், வெயில் இருக்கும் நாளில், பத்திலிருந்து மூன்று மணிக்குள், ஜிப்பைத் திறந்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அவ்வளவுதான். இறக்கையைப் பிடித்துத் தூக்கி வீசுவது, கைதட்டுவது, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது எதுவும் வேண்டாம். மழை என்றால் ஒரு நாள் கூண்டிலேயே இருக்கலாம். முதல் நாள் அதற்குத் தீனி தேவைப்படாது. மறுநாளும் விடாவிட்டால் ஒரு பங்கு சர்க்கரையைப் பத்துப் பங்கு தண்ணீரில் கரைத்துப் பஞ்சில் நனைத்து வையுங்கள்.

முட்டை எடுத்த தெருவிலேயே விடுங்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இருபது கொடுங்கள் என்று எங்களிடம் கேட்டார்கள். தொகுதி விழாவுக்கும் கேட்டார்கள். பெட்டியில் அடைத்து, இரவு மண்டபத்தில் விளக்கு வெளிச்சத்தில் திறந்துவிட்டால் பாதி மிதிபட்டே சாகும். ‘எங்கள் தீர்மானத்தில் இடமில்லை’ என்று சொல்லித் தப்பித்தோம். உங்கள் தீர்மானத்திலும் அந்த வரியைச் சேர்த்துவையுங்கள், சொந்தக்காரர்களிடம் மனஸ்தாபம் வராது.

10. பதிவேடும் கோடைத் தண்ணீரும்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முட்டை எடுத்த தேதி, செடி, எண்ணிக்கை, பொரித்த தேதி, கூடான தேதி, பறந்த தேதி, செத்தவை எத்தனை, காரணம் என்ன. செத்த கணக்கை மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த ஆண்டு உங்களுக்கு உதவப்போவது அந்தக் கட்டம்தான். வெளியே தானாக வந்த பூச்சிகளைப் படமெடுத்து, உயிரினங்களைப் பதிவு செய்யும் இணையதளமான ஐ-நேச்சுரலிஸ்டில் ஏற்றலாம். 2020 முதல் ஒவ்வொரு செப்டம்பரையும் நாடு முழுக்கப் பட்டாம்பூச்சி மாதமாக வைத்துக் கணக்கெடுக்கிறார்கள். அதில் உங்கள் தெருவையும் சேர்த்துவிடுங்கள். கூண்டில் வளர்த்ததைக் காட்டில் பார்த்ததாக ஏற்றிவிடாதீர்கள்.

கார்த்திகை அடைமழையோடு கூண்டு வேலையை நிறுத்திவிடுவோம். வலையைக் கழற்றிப் பிளீச்சிங் தண்ணீரில் அலசி, இரண்டு வெயில் காயவைத்து, நாப்தலின் உருண்டை போடாமல் மடித்துவைக்க வேண்டும். செடிகளுக்கு மாசியில் ஒரு கவாத்து. அப்புறம் சித்திரை, வைகாசியில்தான் செடி சாகும். எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. எங்கள் முதல் ஆண்டுக் கன்றுகளில் நான்கு அப்படித்தான் போயின. பள்ளி விடுமுறை விடுவதற்கு முன்பே எந்த வாரம் எந்த வீடு என்று பெயர் எழுதிக் குழாயடியில் ஒட்டிவிடுங்கள்.